வாடகைக்கும் சம்பளத்துக்கும் நடுவே: வட்டார அளவில் கூட்டு முயற்சி தொடங்குவது எப்படி?

ஆலை நடத்துபவர் ஆள் கிடைக்கவில்லை என்கிறார். வேலைக்கு வந்தவர் வீடு கிடைக்கவில்லை என்கிறார். கட்டுநரைக் கேட்டால் அந்த வாடகைக்குக் கட்டுப்படியாகாது என்கிறார். வருமானம் போதாது, கடன் தரமுடியாது என்கிறது வங்கி. இருக்கிற கழிவுநீர்க் குழாய் இதற்கு மேல் தாங்காது என்று உள்ளாட்சி கைவிரிக்கிறது. ஐவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். ஒவ்வொருவர் கையிலும் கணக்கின் ஒரு வரி மட்டும் இருப்பதால், யாரோ ஒருவர் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீர்வதில்லை.

இந்தத் தரப்புகளை ஒன்றுசேர்த்து, முதல் சில வீடுகளில் ஆட்கள் குடியேறுவது வரை கொண்டுபோக வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. நீங்கள் உள்ளாட்சி அலுவலராக, தொண்டு நிறுவன ஊழியராக, தொழிற்சங்கத்துக்காரராக, ஒரு நிறுவனத்தின் மனிதவள அதிகாரியாக, யாராகவும் இருக்கலாம். வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றேதான்.

எல்லை: வரைபடத்தில் அல்ல, பயணத்தில்

முதல் வேலை, "நம் வட்டாரம்" எது என்று முடிவுசெய்வது. நிர்வாக எல்லையை அப்படியே எடுத்துக்கொள்வது சுலபம், ஆனால் தவறாகப் போகும். நகரத்தில் வேலை செய்பவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிற்றூரில் வாடகைக்கு இருப்பார். அவருடைய வாடகை ஒரு நிர்வாகத்தின் கணக்கிலும் சம்பளம் இன்னொன்றின் கணக்கிலும் வரும். இரண்டும் ஒரே தாளில் வராதவரை பிரச்சினை யார் கண்ணிலும் படாது.

எனவே எல்லையை அன்றாட வேலைப் பயணத்தை வைத்து வரையுங்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி, ஓர் ஊரில் வேலை பார்ப்பவர்களில் குறைந்தது 15 சதவீதம் பேர் மைய நகரத்துக்குப் போய்வந்தால் அந்த ஊரையும் அதே செயல்பாட்டு வட்டாரத்தில் சேர்க்கிறது. அமெரிக்காவில் பெருநகரப் பகுதிகளை வரையறுக்கும்போது பயன்படும் அளவு 25 சதவீதம். உங்களிடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பயணத் தரவு இல்லையென்றால், பெரிய வேலைகொடுப்பவர்கள் ஐந்தாறு பேரிடம் ஊழியர்களின் அஞ்சல் குறியீட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம். எந்தக் குறியீட்டில் எத்தனை பேர் என்ற பட்டியல் போதும். ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் குறியீடுகளைப் பக்கத்துக் குறியீட்டோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள், தனிமனிதர் யார் என்று ஊகிக்க இடம் இருக்காது.

துண்டு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. இதைச் செய்யாமல் கூட்டம் போட்டால் ஆளுக்கொரு ஆலோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு வீட்டுக்கான கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால், பேச்சு யார் எதைத் தருவது என்ற இடத்துக்குத் தானாக வரும்.

எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி அலகுகளில் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 300 அலகு. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். அமெரிக்கப் பொதுவீட்டுத் திட்டத்தில் 1969 இல் 25 சதவீதமாக இருந்தது, 1981 இல் 30 ஆனது. அதன்படி இந்தக் குடும்பம் தரக்கூடிய வாடகை 90. பழுதுபார்ப்பு, வரி, காப்பீடு, நிர்வாகம், வீடு காலியாக இருக்கும் நாட்களின் இழப்பு, எல்லாம் சேர்த்து 30 போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 60.

அந்த 60 முழுவதையும் தவணையாகக் கட்ட வங்கி சம்மதிக்காது. தவணையைப்போல் 1.2 மடங்காவது நிகர வருமானம் இருக்கவேண்டும் என்று கேட்கும். ஆக, மாதத் தவணை 50. ஆண்டு வட்டி 6 சதவீதம், 30 ஆண்டுக் கடன் என்றால், 50 அலகுத் தவணைக்குக் கிடைக்கும் கடன் சுமார் 8,340. வீட்டுக்கு ஆகும் செலவு நிலத்தோடு சேர்த்து 12,000. துண்டு விழுவது 3,660.

இப்போது ஒவ்வொரு தரப்பாகப் பாருங்கள். செலவில் நிலத்தின் பங்கு 2,400. யாராவது பெயரளவுக் குத்தகைக்கு நிலம் கொடுத்துவிட்டால் துண்டு 1,260 ஆகக் குறையும், ஆனால் மறையாது. நிலம் கிடைக்காமல் வட்டி மட்டும் 4 சதவீதமாகக் குறைந்தால், அதே தவணைக்கு 10,473 கடன் கிடைக்கும். அப்போதும் 1,527 துண்டு விழும். நிலமும் குறைந்த வட்டியும் சேர்ந்து வந்தால் தேவைப்படும் கடன் 9,600 தான். துண்டே இல்லை. வாடகையை 90 இலிருந்து 85க்கு இறக்கவும் முடியும்.

நிலம் வைத்திருப்பவரும் பணம் வைத்திருப்பவரும் வேறுவேறு ஆட்கள் என்பதால்தான் பல துறைகள் சேரவேண்டியிருக்கிறது. தனித்தனியாக இருவர் செய்யும் பெரிய உதவிகள் இரண்டுமே வீணாகக்கூடும் என்பதை இந்த ஒரு பக்கக் கணக்கு காட்டிவிடுகிறது. உங்கள் வட்டாரத்தின் உண்மையான எண்களைப் போட்டு இதையே செய்யுங்கள். வருமானத்துக்குச் சராசரியை எடுக்காதீர்கள், சில பெரிய சம்பளங்கள் அதை மேலே இழுத்துவிடும். இடைநிலை வருமானத்தை (எல்லாரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வருமானத்தை) எடுத்து, அதன் 40, 60, 80 சதவீதத்துக்குத் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். 40 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு நிலமும் வட்டியும் மட்டும் போதாது, நேரடி மானியம் இல்லாமல் ஆகாது என்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

30 சதவீத விதிக்கு ஒரு குறையும் உண்டு. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் அதிகமானால் வாடகையில் மிச்சப்படுத்தியதைப் பயணம் தின்றுவிடும். அதனால் வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற அளவை சிகாகோவைச் சேர்ந்த சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி முன்வைத்தது. நிலம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பேருந்து போகாத இடத்தில் கட்டத் தொடங்கும் முன் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

யாரை அழைப்பது

மையக் குழுவில் ஏழு முதல் ஒன்பது பேர் போதும். நிலம் வைத்திருப்பவர் (உள்ளாட்சி, அரசுத் துறை, அறக்கட்டளை, சமய நிறுவனம்), கடன் கொடுப்பவர், அனுமதி கொடுப்பவர், வேலை கொடுப்பவர், கட்டுமானமும் பராமரிப்பும் தெரிந்த லாபநோக்கற்ற நிறுவனம், குடிநீர் மற்றும் கழிவுநீர் நிறுவனம், வாடகைக்கு இருப்பவர்கள் இருவர்.

குழாய்க்காரர்களை மறந்துவிடுவது மிகப் பரவலான தவறு. நிலம், பணம், அனுமதி எல்லாம் கையில் வந்தபிறகு சுத்திகரிப்பு நிலையத்தில் கொள்ளளவு இல்லை என்று தெரிந்தால், திட்டம் அங்கேயே படுத்துவிடும். புதிய இணைப்புத் திறன் உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும். அதேபோல வங்கியைக் கடைசியில் கூப்பிடுகிற பழக்கமும் உண்டு. குத்தகைப் பத்திரத்தில் எந்த வரி இருந்தால் தாங்கள் அடமானம் ஏற்கமாட்டோம் என்று அவர்களால்தான் சொல்லமுடியும். பத்திரம் எழுதி முடித்தபிறகு கேட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

வாடகைதாரர்களை "கருத்துக் கேட்க" மட்டும் கூப்பிடாதீர்கள். மற்றவர்கள் எல்லாரும் சம்பள நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்க, இவர்கள் மட்டும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும். அதற்கு ஈடு கொடுங்கள், கூட்டத்தை மாலையில் வையுங்கள்.

முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் கையெழுத்திலேயே எதை முடிவுசெய்யலாம், எதை மேலே கேட்கவேண்டும்? பதிலை எழுதி வையுங்கள். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லமுடியாதவர்களாக எல்லாரும் இருந்தால், ஆள் மாறவேண்டும் என்று அப்போதே அவர்களுடைய தலைமைக்கு எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதைச் சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பலதரப்பட்டவர்கள் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் வீடற்றவர்களுக்கு வாடகை வீடு கொடுக்கும் பின்லாந்தின் ஒய் அறக்கட்டளை நல்ல சான்று. 1985 இல் அதைத் தொடங்கியவர்களில் நகராட்சிகள், திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம், கட்டுமான முதலாளிகள், கட்டுமானத் தொழிலாளர் சங்கம் எல்லாரும் இருந்தார்கள். முதலாளியும் தொழிற்சங்கமும் ஒரே அமைப்பின் நிறுவனர்கள்! வீடற்றவர்களுக்காக 2008 இல் தொடங்கிய பின்லாந்தின் "முதலில் வீடு" திட்டத்துக்கு வீடுகள் கிடைத்த வழிகளில் அதுவும் முக்கியமானது.

ஒருங்கிணைப்பாளர் இல்லாமல் தொடங்காதீர்கள்

ஒருவர் முழுநேரமாக இதே வேலையாக இருக்கவேண்டும். "எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது பெருந்தன்மையோடு சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவசர வேலை வரும்போதெல்லாம் முதலில் தள்ளிப்போவது இதுவாகத்தான் இருக்கும். இவருக்கான சம்பளம் குறைந்தது மூன்று தரப்பிலிருந்து, இரண்டு ஆண்டுக்காவது முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவரே முழுச் சம்பளமும் கொடுத்தால், அவருடைய ஆள் என்ற பேச்சு வந்துவிடும்.

கூட்டம் மாதம் ஒன்று, 90 நிமிடம். இரண்டு நாளுக்குள் ஒரு பக்கக் குறிப்பு எல்லாருக்கும் போகவேண்டும். அதில் பேச்சின் சுருக்கம் வேண்டாம். என்ன வேலை, யார் பெயர், எந்தத் தேதி என்று மூன்று நெடுவரிசை கொண்ட பட்டியல் போதும். தவறிய தேதிகள் சிவப்பில் இருக்கட்டும். எல்லார் கண்ணுக்கும் படும் என்பதே பலரை வேலை முடிக்கவைக்கும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கவேண்டும்

இரண்டு மூன்று பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். "இணைந்து பாடுபடுவோம்" போன்ற வாசகங்களை எடுத்துவிட்டு, யார் எதை எவ்வளவு எப்போது தருகிறார் என்று எழுதுங்கள். உள்ளாட்சி இன்ன அளவு நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு. வங்கி இன்ன வரம்பு வரை இன்ன வட்டிக்கு. அனுமதித் துறை முழுமையான விண்ணப்பம் வந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பதில். வேலை கொடுக்கும் நிறுவனம் இத்தனை வீடுகளுக்கு ஐந்தாண்டு வாடகை உத்தரவாதம். விலக நினைப்பவர் எத்தனை நாள் முன்னறிவிப்பு தரவேண்டும், கொடுத்த தரவு என்ன ஆகும் என்பதும் இருக்கட்டும்.

கட்டுமான ஒப்பந்தக்காரர் குழுவில் உட்கார்ந்து விவரக்குறிப்பு தயாரித்துவிட்டு, அவரே ஒப்பந்தப்புள்ளி போடுவது பின்னால் வழக்காக வந்து நிற்கும். அவருடைய அனுபவம் வேண்டுமென்றால் அவர்களது சங்கத்தின் பிரதிநிதியாக வரட்டும், அல்லது ஒப்பந்தப்புள்ளி போடுவதில்லை என்று எழுதிக்கொடுக்கட்டும். வேலை கொடுப்பவர்கள் பலர் ஒரே அறையில் சம்பள விவரத்தைப் பகிர்ந்துகொள்வதும் பல நாடுகளில் போட்டிச் சட்டத்தில் சிக்கலாகும். நடுநிலையான ஒருவரிடம் கொடுத்து, தொகுத்த எண்ணை மட்டும் வாங்குங்கள்.

வேலை கொடுப்பவர் வீட்டுக்குள் வரும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. வேலையும் வீடும் ஒரே பத்திரத்தில் பிணைந்துவிட்டால், வேலை போகிற அன்றே குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். வாடகை ஒப்பந்தம் வீட்டு நிறுவனத்துக்கும் குடியிருப்பவருக்கும் இடையே மட்டும் இருக்கவேண்டும். முதலாளியின் பங்கு காலியிருப்பு இழப்பை ஏற்பதோடு நிற்கட்டும். அதற்கே பலன் பெரிது, ஏனென்றால் வங்கி பயப்படுவது அந்தக் காலி மாதங்களுக்குத்தான்.

நிலமும் குத்தகையும்

நிலம் கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பை நம்பி வரைபடம் போடத் தொடங்காதீர்கள். முதலில் வில்லங்கம் பாருங்கள். அறக்கட்டளை நிலமானால், நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்க அறங்காவலர்களுக்கு அதிகாரம் உண்டா என்று மூலப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். அரசு நிலமானால் வேறு துறைக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெள்ளம் வரும் இடமா, மண் பரிசோதனை என்ன சொல்கிறது, தீயணைப்பு வண்டி திரும்பும் அளவுக்குச் சாலை அகலம் உண்டா, இவற்றையும் பார்த்துவிட்டு, குடிநீர்க் கழிவுநீர் இணைப்புக்கான உறுதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

குத்தகைக் காலம் கடன் காலத்தைவிட நன்றாக நீளமாக இருக்கவேண்டும். 30 ஆண்டுக் கடனுக்கு 35 ஆண்டுக் குத்தகை என்றால் எந்த வங்கியும் முகம் சுளிக்கும். குத்தகைப் பணம் தவறினால் நிலச் சொந்தக்காரர் உடனே ரத்து செய்யாமல், முதலில் வங்கிக்கு அறிவிப்புக் கொடுத்து, அதைச் சரிசெய்ய அவகாசமும் தரவேண்டும் என்ற பிரிவு கட்டாயம். இது இல்லாமல் முடங்கும் கோப்புகள் நிறைய.

விற்பனைக்குக் கட்டுவதானால், மறுவிற்பனை விலையை இப்போதே கட்டிப்போடுங்கள். இல்லாவிட்டால் முதல் குடும்பம் மட்டும் பயனடையும், அடுத்தது சந்தை விலைக்குப் போய்விடும். அமெரிக்காவின் பர்லிங்டனில் 1984 இல் தொடங்கி, இன்று சாம்ப்லெய்ன் ஹவுசிங் டிரஸ்ட் என்று இயங்கும் சமூக நில அறக்கட்டளை இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும். விற்பவருக்கு அவர் கட்டிய முதலும், மதிப்பு உயர்வில் 25 சதவீதமும் கிடைக்கும். மீதி உயர்வு வீட்டோடு தங்கி, அடுத்து வாங்குபவருக்கு விலையைக் குறைக்கும்.

முதல் திட்டம் சிறியதாக இருக்கட்டும்

12 முதல் 24 வீடுகள். 200 வீட்டுக்கு அறிவிப்பு வெளியிட்டால் பத்திரிகையில் வரும், ஆனால் எதிர்ப்பும் அதே அளவில் வரும். வட்டாரத்தில் பூட்டிக்கிடக்கும் வீடுகள் இருந்தால் அவற்றைப் பழுதுபார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். புதுக் கட்டடம் குடியேறும் நிலைக்கு வர இரண்டு இரண்டரை ஆண்டு ஆகும். பத்து பழைய வீடுகளை ஆறேழு மாதத்தில் திறந்துவிடலாம், குழுவில் யாருக்கும் சலிப்பு வராது. எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டடத்தில் 5 முதல் 10 சதவீதம் ஒதுக்குவது வழக்கம். பழைய வீட்டில் 15 வையுங்கள், சுவரைத் திறந்தால்தான் மின்கம்பியும் குழாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும்.

தனியார் வீட்டுச் சொந்தக்காரர்கள் தரத் தயங்கினால், சேதத்துக்கும் வாடகை நிலுவைக்கும் ஒரு பொது உத்தரவாத நிதி வையுங்கள். யாருக்கு வீடு என்பதற்கு எல்லா அமைப்புகளுக்கும் ஒரே பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் 2012 முதல் இப்படி ஒரே பட்டியலில் வேலை செய்து, 25,000க்கும் மேற்பட்ட வீடற்றவர்களை வீடுகளில் குடியேற்றியிருக்கின்றன.

அனுமதிதான் இழுக்கிறது என்றால், பல துறைகளின் அனுமதியை ஒரே விண்ணப்பத்தில் கொண்டுவர முயலுங்கள். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் 40பி சட்டம் 1969 இலேயே இதைச் செய்தது. குறிப்பிட்ட பங்கு வீடுகளை எட்டும் விலைக்குக் கொடுக்கும் திட்டங்களுக்கு ஒற்றை அனுமதி. அத்தகைய வீடுகள் 10 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள ஊர் மறுத்தால், மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதென்றால், எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே நாளில் கோப்பைப் பார்க்கும் மாதாந்திர அமர்வு ஒன்றை ஏற்பாடு செய்தாலே கணிசமான நாள் மிச்சமாகும்.

மக்களிடம் சேமிப்புக் குழுக்கள் இருக்கும் இடங்களில் இன்னொரு வழி உண்டு. தாய்லாந்தின் பான் மன்கோங் திட்டம் 2003 முதல் கடனைத் தனிநபருக்கு அல்ல, சமூகக் கூட்டுறவுக்குக் கொடுக்கிறது. குழு முதலில் கடன் தொகையில் 10 சதவீதம் சேமித்துக் காட்டவேண்டும். தவணை தவறும் குடும்பத்தை அக்கம்பக்கத்தவர்களே தாங்கிப்பிடிக்கும் அமைப்பு அது. சேமிப்புப் பழக்கம் இல்லாத இடத்தில் அவசரமாக இதைக் கொண்டுவந்தால் கூட்டுறவே உடைந்துவிடும்.

வேலைப் பக்கம்

வீட்டின் விலையை மட்டும் குறைத்துக்கொண்டே போகமுடியாது, வருமானமும் உயரவேண்டும். மருத்துவமனை, கல்லூரி, உள்ளாட்சி போன்ற இடம்பெயராத நிறுவனங்களின் கொள்முதல் பட்டியலை வாங்கி, வெளியூருக்குப் போகும் செலவில் எதை உள்ளூரில் வாங்கலாம் என்று பாருங்கள். இங்கிலாந்தின் பிரஸ்டனில் சில பெரிய பொது நிறுவனங்கள் இதைச் செய்தபோது, அவற்றின் கொள்முதலில் நகரத்துக்குள் செலவானது 2012-13 இல் 5 சதவீதமாக இருந்து, 2016-17 இல் 18.2 சதவீதம் ஆனது. செய்தவற்றில் ஒன்று, பெரிய ஒப்பந்தங்களைச் சிறிய நிறுவனங்கள் போட்டியிடும் அளவுக்குப் பிரித்தது.

உங்கள் சொந்தக் கட்டுமானத்திலேயே தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் இத்தனை பயிற்சியாளர்களை எடுக்கவேண்டும் என்று எழுதினால் போதாது, பயிற்சி மையம் ஆறு மாதம் முன்பே ஆளைத் தயார்செய்திருக்க வேண்டும். கொத்து வேலைக்கும் மின்வேலைக்கும் ஆட்கள் தேவைப்படும் மாதங்கள் வேறு. அட்டவணையைப் பயிற்சி மையத்திடம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

எதை எண்ணுவது

மூன்று எண்கள் போதும். எட்டும் வாடகையில் ஆட்கள் குடியேறிவிட்ட வீடுகள் (அனுமதி பெற்றவை அல்ல, அடிக்கல் நாட்டியவை அல்லவே அல்ல). விண்ணப்பத்திலிருந்து அனுமதிக்கு ஆன நாட்கள். உள்ளூரில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் 12 மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள். காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள்.

கூடவே பக்கத்துத் தெருக்களின் வாடகையைக் கவனியுங்கள். புது வேலைவாய்ப்பு வீடுகளை முந்திக்கொண்டு வந்தால், பழைய குடியிருப்பவர்களின் வாடகை ஏறி அவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். அது தெரிந்தால் அடுத்த திட்டத்தின் வீடுகளில் ஒரு பங்கை அந்தத் தெருக்காரர்களுக்கே ஒதுக்குங்கள்.

ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்த சுற்றுக்கான கையெழுத்துகளைத் தொடங்கிவிடுங்கள். தேர்தல், வங்கி மேலாளர் மாற்றம், நிறுவனத்தில் புதுத் தலைமை, இதில் ஏதாவது ஒன்று அந்த இடைவெளியில் கட்டாயம் நடக்கும். ஒவ்வொரு தரப்பிலும் இரண்டாவது ஆள் ஒருவர் தொடக்கம் முதலே கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தால், புதிதாக வருபவருக்குத் துண்டுக் கணக்கை விளக்கும் வேலை அவருடையது.